கிரெடிட் கார்டு மோசடி: நம்ம ஊரில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் பல வருடம் கவுண்டரில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பாளையங்கோட்டையில் இருக்கிறேன். காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கப் போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், "யக்கா, ஒரு சந்தேகம்" என்று யாராவது கார்டு விஷயத்தோடு வந்துவிடுகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

இப்போதுதான் பணம் போயிருக்கிறது என்ற பதற்றத்தில் இதைத் திறந்திருந்தால், மற்றதை விட்டுவிட்டு நேரே 10ஆவது கேள்விக்குப் போங்கள். மீதியை நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.

1. கார்டு என் பர்ஸுக்குள்ளயேதான் இருக்கு. பொறவு எப்படி யக்கா ரூவா போவும்?

ஆன்லைனில் பொருள் வாங்க கார்டைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. அதில் அச்சடித்திருக்கும் எண், காலாவதியாகும் மாதம் வருடம், மூன்று இலக்க சிவிவி, இவை தெரிந்தால் போதும். நம் நாட்டுக் கடைகளின் தளங்களில் இதற்கு மேல் ஓடிபி என்று இரண்டாவது பூட்டும் உண்டு. முதல் மூன்றும் எங்கிருந்தாவது கிடைத்துவிடும். அந்த ஓடிபியைப் பிடுங்கத்தான் இத்தனை நாடகமும் நடக்கிறது.

அந்த மூன்றையும் நாமே பரப்பிவிடுகிறோம். கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, 'தேவைப்பட்டா இருக்கட்டும்' என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும். இன்றைக்கே அழியுங்கள். சிவிவியை மனப்பாடம் செய்துகொண்டு, கார்டில் அந்த இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

2. டெபிட் கார்டுன்னா நம்ம துட்டு. கிரெடிட் கார்டுல போனா பேங்க் துட்டுதானே, நமக்கென்ன?

போன தொகை அடுத்த பில்லில் உங்கள் பெயரில்தான் வரும். கட்டாமல் விட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும், கடன் மதிப்பெண்ணும் இறங்கும்.

ஒரே ஒரு வித்தியாசம் நமக்குச் சாதகமானது. டெபிட் கார்டில் பணம் உடனே சேமிப்புக் கணக்கை விட்டுப் போய்விடுகிறது. கிரெடிட் கார்டில் பில் வந்து கடைசித் தேதி வரும்வரை வாதாட அவகாசம் இருக்கிறது. உடனே சொன்னால்தான் அந்த அவகாசத்தால் பயன்.

3. குற்றாலம் சீசனுக்குப் போற வழியில பெட்ரோல் பங்க்லயும் ஓட்டல்லயும் கார்டை வாங்கிட்டு உள்ள போயிருதான். குடுக்கலாமா?

குடுக்க வேண்டாம். "மெஷினை இங்க கொண்டு வாங்க" என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கார்டு உங்கள் கண்ணை விட்டு மறைந்தால், முதல் பதிலில் சொன்ன விவரங்களைப் போனில் படமெடுக்க அரை நிமிடம் போதும்.

பின் நம்பரை அழுத்துமுன் மெஷின் திரையில் தொகையைப் பாருங்கள். கூட்டத்தில் 450 ரூபாய் 4,500 ஆவது சில சமயம் கைத்தவறு, சில சமயம் வேண்டுமென்றே. சர்வரிடம் வாயால் பின் நம்பரைச் சொல்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

4. தட்டுனாலே ரூவா போற கார்டாமே. ஆனித் தேரோட்டக் கூட்டத்துல எவனாவது மெஷினைப் பையில ஒட்டி எடுத்துட்டா?

பயப்படும் அளவுக்கு இது நடப்பதில்லை. கார்டு சில சென்டிமீட்டர் நெருக்கத்துக்கு வந்தால்தான் மெஷின் படிக்கும். அந்த மெஷினும் ஒரு கடைக்காரரின் வங்கிக் கணக்கோடு இணைந்தது, ஆளைப் பிடித்துவிடலாம். பின் இல்லாமல் தட்டிப் போகக்கூடிய உச்சத் தொகை ஒரு முறைக்கு 5,000 ரூபாய். 2021 ஜனவரி 1 வரைக்கும் அது 2,000 ஆக இருந்தது.

கூட்டத்தில் நிஜமான பயம் கார்டு தொலைவதுதான். எடுத்தவன் கடை கடையாகத் தட்டலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள் வங்கி ஆப்பில் அணைத்துவிடலாம். 2020 அக்டோபர் 1 முதல் ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்துதல் ஒவ்வொன்றையும் தனித்தனியே அணைக்கவும், உச்சவரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். மாதம் 8,000 ரூபாய்க்கு மளிகையும் மருந்தும் வாங்குகிறவருக்கு ஆன்லைன் வரம்பு இரண்டு லட்சம் எதற்கு?

5. போன் பண்ணுதவன் என் பேரு, பொறந்த தேதி, கார்டோட முதல் நம்பரு எல்லாம் சரியாச் சொல்லுதான். அப்போ பேங்க் ஆள்தானே?

கார்டின் முதல் ஆறு அல்லது எட்டு எண்கள் உங்களுக்கு மட்டும் உரியவை இல்லை. எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைக் காட்டும் எண்கள் அவை. அதே வங்கியின் அதே வகைக் கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். "உங்க கார்டு 4ல தொடங்கும்" என்பது, விசா கார்டு எல்லாமே 4இல் தொடங்கும் என்று தெரிந்தவன் சொல்வது. பேரும் பிறந்த தேதியும் நாம் எங்கெங்கோ பூர்த்தி செய்து கொடுத்த படிவங்களிலிருந்து கசிகின்றன.

வங்கியில் இருந்த காலத்தில் நாங்கள் ஒரு தடவைகூட யாரிடமும் ஓடிபியோ, சிவிவியோ, பின் நம்பரோ கேட்டதில்லை. எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை. கார்டை நிறுத்த, வரம்பைக் கூட்ட, வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய, எதற்குமே அது வேண்டாம். வங்கிகள் சேவைக்காகப் பேசுவதற்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து 'பேங்க்' என்று வந்தால் சந்தேகப்படுங்கள். எந்த எண்ணாக இருந்தாலும், வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சடித்த எண்ணுக்கு நீங்களே போடுங்கள். மரியாதை இல்லாமல் வைக்கிறோமே என்று தயங்கவே வேண்டாம். நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தத் தயக்கம் அதிகம். பேசிக்கொண்டிருப்பவரை முகத்தில் அடித்தாற்போல் வெட்டிவிட மனசு வராது. அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

6. 'ரிவார்டு பாயின்ட் 7,850 இன்னைக்கு ராத்திரியோட முடியுது'ன்னு லிங்க் வந்திருக்கு. விட்டா வீணாப் போயிருமே?

போனால் போகட்டும். பாயின்ட் உண்மையிலேயே இருந்தால் வங்கி ஆப்பைத் திறந்தாலே தெரியும். லிங்க் வழியாகப் போகும் பக்கம் உங்கள் வங்கியின் பக்கம் போலவே நிறமும் முத்திரையுமாக இருக்கும். அங்கே கார்டு விவரத்தை நீங்கள் தட்டும் அதே நொடியில் இன்னொருவன் வேறொரு தளத்தில் அதைத் தட்டிக்கொண்டிருப்பான். வரும் ஓடிபி அவன் வாங்கும் பொருளுக்கு.

ஓடிபி மெசேஜை முழுசாகப் படிக்கும் பழக்கம் வேண்டும். எந்தக் கடைக்கு, எத்தனை ரூபாய் என்று அதிலேயே இருக்கும். பாயின்ட் வாங்கப் போன இடத்தில் '24,999 ரூபாய்' என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம். வரம்பு கூட்டுவது, ஆயுளுக்கும் இலவசக் கார்டு என்று வருபவற்றுக்கும் இதே பதில்தான்.

7. கூகுள்ல தேடித்தான் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். அதுவும் பொய்யா?

பொய்யாக இருக்க வாய்ப்பு நிறைய. தேடலில் மேலே வரும் எண்ணை யார் வேண்டுமானாலும் விளம்பரமாகவோ வரைபடத்திலோ போட்டுவைக்க முடியும். கார்டின் பின்பக்க எண், ஸ்டேட்மென்ட்டில் உள்ள எண், வங்கியின் சொந்தத் தளம், இந்த மூன்றையும் தாண்டித் தேட வேண்டாம். வங்கித் தளங்களின் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும், 2025 அக்டோபர் 31க்குள் மாற்றுங்கள் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. முகவரியின் கடைசியைப் பாருங்கள்.

எண்ணைப் போனில் பதிவதோடு, அடுக்களைக் காலண்டரிலும் எழுதி வையுங்கள். பர்ஸும் போனும் சேர்ந்தே தொலைந்துபோன நாளில் அந்தக் காலண்டர்தான் கைகொடுக்கும்.

8. சத்தியமா ஓடிபி யாருட்டயும் சொல்லல யக்கா. இருந்தும் போயிட்டு. எப்படி?

இதைச் சொல்பவர்களை வீட்டில் யாரும் நம்புவதில்லை. நான் நம்புகிறேன், ஏனென்றால் வாயால் சொல்லாமலே போவதற்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வெளிநாட்டுத் தளங்கள். அவற்றில் பலவற்றுக்கு ஓடிபி கிடையாது, எண்ணும் சிவிவியும் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு டாலரில் போயிருந்தால் இதுதான். நாலாவது பதிலில் சொன்ன வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைத்தால் இந்தக் கதவு மூடிவிடும். இரண்டாவது, போனுக்குள் புகுந்த ஆப். போக்குவரத்து அபராதம், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸப்பில் வரும் கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது ஒரு ஆப். பத்திரிகையை யாரும் ஆப்பாக அனுப்ப மாட்டார்கள். அதை நிறுவி, கேட்ட அனுமதியை எல்லாம் கொடுத்தால், உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் அத்தனையும் அவனுக்கும் போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். மூன்றாவது, 'உதவி செய்கிறேன்' என்று திரையைப் பகிரும் ஆப்பை நிறுவச் சொல்வது. ஓடிபி திரையில் வரும்போது அவனும் படித்துக்கொள்வான்.

நாலாவது வகை திருட்டே இல்லை. முன்பு எப்போதோ சந்தா கட்டிய செயலி மாதாமாதம் எடுத்துக்கொள்வது. 15,000 ரூபாய் வரை இப்படித் தானாகப் போவதற்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. ஆனால் 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும், அதிலிருந்தே ரத்தும் செய்யலாம். புகார் கொடுக்குமுன் பேரன் பேத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

9. மவன் துபாய்ல இருக்கான். அவன் கார்டு எங்கிட்ட, ஓடிபி அவன் போனுக்குப் போவும், கேட்டு வாங்கிக்கிடுவேன். தப்பா?

தப்பான எண்ணம் இல்லை, ஆனால் ஆபத்தான ஏற்பாடு. ஏதாவது ஒன்று நடந்தால், 'கார்டையும் ஓடிபியையும் வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்' என்ற ஒரு வரியில் வங்கி கையை விரித்துவிடும். அதோடு, 'அம்மா கேக்காங்க' என்று ஓடிபியை வாட்ஸப்பில் அனுப்பிப் பழகிய மகனிடம், நாளைக்கு உங்கள் எண் போல நடித்து எவனும் கேட்டு வாங்கிவிடலாம்.

மகன் பெயரில் உள்ள கார்டுக்கு உங்கள் பெயரில் துணைக் கார்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். அதற்கென்று தனி வரம்பு வைக்கலாம், பின் நம்பரும் உங்களுடையதாக இருக்கும். பில் மகனுக்குத்தான் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

10. இப்பத்தான் மெசேஜ் வந்துது, 38,000 போயிட்டு. என்ன செய்யணும்?

உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். வங்கி ஆப்பிலோ, கார்டின் பின்பக்க எண்ணிலோ முதலில் கார்டை நிறுத்துங்கள். சந்தேகமான ஆப் ஏதாவது சமீபத்தில் நிறுவியிருந்தால், உங்கள் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர் போனிலிருந்து பேசுங்கள்.

கார்டு நின்றதும் போனை வைத்துவிடாதீர்கள். கவுண்டரில் நான் அதிகம் பார்த்த தவறு இது. கார்டை பிளாக் செய்ததோடு புகாரும் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. "இந்தத் தேதி, இந்த நேரம், இந்தத் தொகை நான் செய்தது இல்லை" என்று தனியாகப் புகாரைப் பதியச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக் காகிதத்தில் எழுதுங்கள். பிறகு அதையே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது 1930. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் எந்த வாலட்டுக்கு, எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே அதை முடக்க முயற்சி செய்வார்கள். அவன் எடுத்துவிட்டால் முடக்க ஒன்றும் இருக்காது, அதனால்தான் இந்த அவசரம். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் புகாரைப் பதியலாம். நேரில் போவதென்றால், நெல்லை மாநகருக்கும் புறநகர் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உண்டு. மெசேஜ், அழைப்பு விவரம், லிங்க் எதையும் அழிக்காதீர்கள், கோபத்தில்கூட.

சனிக்கிழமை சாயங்காலம் பணம் போய், "திங்கக்கிழமை பேங்க் தொறக்கட்டும்" என்று காத்திருந்து, பாஸ்புக்கோடு என் முன்னால் வந்து நின்றவர்களை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. கார்டை நிறுத்தும் எண் ராத்திரியும் பகலும் வேலை செய்யும். 1930ம் அப்படித்தான்.

11. சொல்லியாச்சு. எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைதான் இதற்கு அடிப்படை. தவறு வங்கியுடையது என்றால், நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், முழுத் தொகையும் வங்கி பொறுப்பு. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால், நாள் கணக்கு வருகிறது. வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால், வரம்பு ஐந்து லட்சம் வரை உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட வரம்புக்கு 25,000 ரூபாய் உங்கள் தலையில் விழும். ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது. இதை மனசில் நன்றாகப் பதித்துக்கொண்டு பேசுங்கள்.

12. ஓடிபியை நானேதான் சொல்லித் தொலைச்சேன். இதுல புகார் குடுத்து என்ன ஆவப் போவுது?

ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் நேரம் வரைக்கும் போனது நம் பொறுப்பு என்றுதான் அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் வங்கியிடம் தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. அதனால் எவ்வளவு சீக்கிரம் தெரிவிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 1930இல் சொல்லி, பணம் வழியிலேயே முடங்கினால் அதுவும் திரும்ப வரலாம்.

கல்லிடைக்குறிச்சியில் என் மைனிக்கு இது நடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆறாவது கேள்வியில் உள்ள அதே பாயின்ட் கதை. 19,000 ரூபாய் போனது. விஷயம் புரிந்ததும் அண்ணனிடம் சொல்லப் பயந்து, என்னிடமும் சொல்லாமல் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறார். மறுநாள் அதே ஆள் பேசினான். "தப்பாப் போயிட்டும்மா, திருப்பி அனுப்புதேன், ஒரு நம்பர் வரும், சொல்லுங்க." அண்ணனுக்குத் தெரிவதற்குள் சரியாகிவிடும் என்று நம்பி மைனி அதையும் சொன்னார். இன்னும் 31,000 போனது. ஞாயிற்றுக்கிழமைதான் என்னைக் கூப்பிட்டு அழுதார். நாற்பது வருடம் அந்த வீட்டுக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் பார்த்தவர் அவர். ஏமாறுவதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். முதல் ராத்திரியே ஒரு போன் போட்டிருந்தால் இரண்டாவது தொகை போயிருக்காது. வீட்டில் யாராவது இப்படி வந்து சொன்னால், "எப்படி ஏமாந்தே?" என்று தொடங்காதீர்கள். "கார்டை நிறுத்தியாச்சா?" என்று கேளுங்கள்.

13. தகராறுல இருக்க தொகையோட சேத்து பில் வந்துட்டு. கட்டணுமா?

நீங்கள் உண்மையில் செலவழித்ததைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள், மொத்தத்தையும் நிறுத்தி வைக்காதீர்கள். மோசடி என்று புகார் கொடுத்த தொகைக்கு, முடிவு தெரியும்வரை கட்டணம் எதுவும் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. போட்டிருந்தால் புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

14. பேங்க்ல முடியாதுன்னுட்டாவ. இனி என்ன, விட்டுற வேண்டியதுதானா?

விட வேண்டாம். எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆன்லைனில் கொடுக்கலாம், விவரம் கேட்க 14448. பத்தாவது பதிலில் வாங்கி வைக்கச் சொன்ன புகார் எண்ணும் மெயிலும் இங்கேதான் பேசும்.

15. பீடிக் கம்பெனியில சம்பளம், குழு லோனுன்னு ஆதார் நகல் எத்தனையோ பேருட்ட குடுத்திருக்கேன். எம்பேருல எவனும் கார்டு வாங்கியிருப்பானா?

முக்கூடலிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் பெண்கள் கேட்ட கேள்வி இது, நியாயமான பயம். பார்க்க வழி இருக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நம் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் பெயரில் உள்ள கார்டும் கடனும் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தெரியாதது இருந்தால் அந்த நிறுவனத்திடமும், கார்டு கொடுத்த வங்கியிடமும் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

கேட்காமலே வங்கி கார்டு அனுப்பிக் கட்டணமும் போட்டிருந்தால், அதைத் திருப்பித் தருவதோடு அதன் இரண்டு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தர வேண்டும் என்கிறது 2022ஆம் வருட விதி. இனி ஆதார் நகல் கொடுக்கும்போது, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று நகலின் மேலேயே குறுக்கே எழுதிவிடுங்கள்.

16. 'உங்க பணத்தை மீட்டுட்டோம், 2,000 கட்டினா அனுப்பிருவோம்'னு சைபர் போலீஸ் பேர்ல போன் வருது. கட்டலாமா?

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குக் கைமாறுகிறது, அதனால்தான் தொகையும் தேதியும் சரியாகச் சொல்கிறான். பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் என்று போலீஸும் கேட்காது, வங்கியும் கேட்காது, குறைதீர்ப்பாளரும் கேட்க மாட்டார். சந்தேகமாக இருந்தால், புகார் ரசீதோடு காவல் நிலையத்துக்கு நேரில் போய் விசாரியுங்கள்.

மைனிக்குச் சனிக்கிழமை வந்ததும் இந்த வகைதான். ஒரு மாதம் கழித்து மூன்றாவது முறையும் வந்தது, வேறு குரல், வேறு பெயர். அந்த முறை மைனி ஒன்றும் பேசாமல் போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.